நிலையமும் மறுஒளிபரப்பும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வழி தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் சென்னையை நடுவாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் தொடக்கம், 1993இல் தனியார் செயற்கைக்கோள் ஒளிபரப்பின் தொடக்கம், அதனைத் தொடர்ந்த அலைவரிசைப் பெருக்கம் என அது ஒரு வளர்ச்சிக் கோடாகக் காட்டப்படுகிறது. அதே வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து நோக்கும்போது வேறொரு போக்கு தெரிகிறது. 1939 முதல் தமிழ் ஒலிபரப்பின் உற்பத்தி மையங்களுள் ஒன்றாக விளங்கிய இந்நகரம், தொலைக்காட்சிக் காலத்தில் பிற இடங்களில் உருவான நிகழ்ச்சிகளைப் பெறும் இடமாக மாறியது. இம்மாற்றத்தின் காரணங்களையும், திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசி விழா ஊடகத்தில் இடம்பெற்ற முறையில் அது வெளிப்படும் விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: திருச்சி வானொலி, தூர்தர்ஷன், மறுஒளிபரப்பு, கேபிள் தொலைக்காட்சி, நேர்முக வருணனை, வைகுண்ட ஏகாதசி, ஒளிபரப்புக் காப்பகம்.

1. முன்னுரை

ஒளிபரப்பு வரலாற்றை அளக்க இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, எத்தனை மக்களுக்கு ஒளிபரப்பு சென்று சேர்ந்தது என்பது. மற்றொன்று, எத்தனை இடங்களிலிருந்து நிகழ்ச்சிகள் உருவாயின என்பது. முதல் அளவுகோலின்படி தமிழ்த் தொலைக்காட்சியின் வளர்ச்சி ஐயத்திற்கு இடமற்றது. அரை நூற்றாண்டுக்குள் ஒரு நகரத்தின் சில மணிநேர ஒளிபரப்பு, நாள் முழுதும் இயங்கும் பல பத்து அலைவரிசைகளாகப் பெருகியுள்ளது. இரண்டாவது அளவுகோல் ஆய்வுகளில் அருகியே கையாளப்பட்டுள்ளது. இவ்விரண்டும் ஒன்றாகவே வளரும் என்று கொள்வதற்கில்லை. சென்றடையும் பரப்பு விரிந்துகொண்டிருந்த அதே காலத்தில் உருவாக்கும் இடங்கள் சுருங்கியிருக்கவும் கூடும்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத் திருச்சிராப்பள்ளி பொருத்தமான களமாகும். தமிழகத்தின் நடுப்பகுதியில் காவிரிப் படுகையின் தலைவாயிலில் அமைந்த இந்நகரம், தமிழ் ஒலிபரப்பின் தொடக்கக் காலத்திலேயே தனக்கென ஒரு நிலையத்தைப் பெற்றிருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கம், ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயிலையும் நெடிய விழா மரபையும் உடையது. ஒலிபரப்பாளரும் ஒளிபரப்பாளரும் ஆண்டுதோறும் நாடிவரும் நிகழ்வு ஒன்று அங்கு உண்டு. ஆகவே, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே விழாவை வைத்து ஒப்பிட இவ்வட்டாரம் இடம்தருகிறது.

2. உற்பத்தி மையமாக இருந்த வானொலி நிலையம்

தென்னகத்தில் ஒலிபரப்பு முயற்சி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் வழியாகத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அக்கழகம் நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மேற்கொண்டது. 1936இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் நிலைபெற்ற பின்னர், 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கப்பட்டன. திருச்சி நிலையம் 5 கிலோவாட் ஆற்றலுள்ள மத்திய அலை ஒலிபரப்பியுடன் இயங்கியது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியப் பகுதியில் இருந்த வானொலி நிலையங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, இலக்னோ, திருச்சி ஆகிய 6 மட்டுமே. இவற்றுள் மாகாணத் தலைநகராகவோ பெருந்துறைமுக நகராகவோ இல்லாத ஊர்கள் அரிது. திருச்சியின் இடம் இப்பட்டியலில் தனித்து நிற்கிறது.

1963இல் திருநெல்வேலியிலும் 1966இல் கோயம்புத்தூரிலும் நிலையங்கள் அமையும்வரை, சென்னைக்கு வெளியே தமிழில் நிகழ்ச்சி உருவாக்கிய இந்திய வானொலி நிலையம் திருச்சி ஒன்றே. இதன் விளைவாகக் காவிரிப் படுகையின் இசைவாணர், புலவர், நாடகக் கலைஞர், வேளாண் அறிஞர் ஆகியோர் சென்னைக்குச் செல்லாமலே ஒலிபரப்பில் பங்குபெற முடிந்தது. திருவரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி இதற்கு நன்கறியப்பட்ட சான்று. இளமையில் அவர் நண்பர்களுடன் தொடங்கிய கையெழுத்து இதழின் வெளியீட்டுக்குக் கல்கி வந்திருந்தபோது, உடன் வந்தவர்களுள் திருச்சி வானொலி அலுவலர் ஒருவரும் இருந்தார். அந்தத் தொடர்பே கதைகளும் நாடகங்களும் எழுதி வானொலிக்கு அளிக்கும் வாய்ப்பை வாலிக்குத் தந்தது. கையெழுத்து இதழிலிருந்து ஒலிபரப்புக்குச் செல்ல ஓர் இளைஞருக்கு ஆற்றைக் கடந்தால் போதுமாயிருந்தது. அவரே திரைப்பாடலாசிரியராக விரும்பியபோது சென்னைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. இவ்விரு ஊடகங்களின் இருப்பிட வேறுபாடு ஒருவரின் வாழ்க்கையிலேயே பதிவாகியுள்ளது.

மொழி பற்றிய எதிர்பார்ப்பும் இந்நிலையத்தைத் தொடக்கத்திலிருந்தே சூழ்ந்திருந்தது. 1938 ஆகஸ்டு 1 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழர் படை சென்னை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டது திருச்சியிலிருந்துதான். அதன்பின் ஓராண்டு நிறையுமுன்னரே வானொலி நிலையம் திறக்கப்பட்டது. 1940களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றபோது, வானொலிக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்குரிய பங்கு பொதுவிவாதமாயிற்று. ஓர் அரசு நிறுவனத்திடம், 'எம் மொழியில் பாடுக' எனக் கேட்கும் உரிமையை மக்கள் கையாண்டனர். அந்நிறுவனம் தம் வட்டாரத்திலேயே இருந்தது அக்கேள்வியை எளிதாக்கியது.

வேளாண் ஒலிபரப்பில் இந்நிலையம் ஆற்றிய பணி அனைத்திந்திய அளவில் எடுத்துக்காட்டாயிற்று. தஞ்சாவூர் மாவட்டத்தில் 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வகையை வெளியிட்டது. சப்பானிய, இந்திய நெல் இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட இவ்வகை குறுவைப் பருவத்திற்கு ஏற்றது. 1966இல் திருச்சி நிலையத்தில் அமைந்த பண்ணை இல்லப் பிரிவு, இந்நெல்லின் நாற்றங்கால் முதல் அறுவடை வரையான செய்முறைகளைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. உழவர்கள் அந்நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

இப்பெயர் வழக்கு ஆய்வுக்குரியது. ஆராய்ச்சி நிலையத்தின் எண்ணையோ அரசுத் திட்டத்தின் பெயரையோ உழவர் ஏற்காமல், செய்தியைக் கொணர்ந்த ஊடகத்தின் பெயரை விதைக்கு இட்டனர். ஆடுதுறையில் ஆய்வு, திருச்சியில் ஒலிபரப்பு, படுகையில் பயன்பாடு என மூன்றும் சில மணிநேரப் பயணத் தொலைவுக்குள் அமைந்திருந்ததே இவ்வெற்றிக்கு அடிப்படை. பேசுபவருக்குக் கேட்பவரின் மண்ணும் நீர்ப்பாசனமும் தெரிந்திருந்தன. மேட்டூர் அணை திறக்கும் நாளை ஒட்டி அறிவுரை சொல்ல இயன்றது. நடுவண் அரசு நடத்திய ஓர் ஊடகம், நிலையத்தின் இருப்பிடத்தால் வட்டாரத் தன்மை பெற்றமைக்கு இது தெளிவான சான்றாகும்.

3. மறுஒளிபரப்பின் காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. 1972இல் மும்பையும், 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையும் நிலையங்கள் பெற்றன. 1976 ஏப்ரல் 1 முதல் தொலைக்காட்சி வானொலியினின்றும் பிரிக்கப்பட்டுத் தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. இப்பிரிவினை நிர்வாகச் சீரமைப்பாகவே பொதுவில் குறிப்பிடப்படுகிறது. எனினும், வானொலி நிலையங்களின் கட்டமைப்பும் பணியாளரும் அனுபவமும் இருந்த ஊர்களிலெல்லாம் தொலைக்காட்சி அவற்றின்மீது எழும் வாய்ப்பு இதனால் குறைந்தது.

சென்னை ஒளிபரப்புக் கோபுரத்தின் வீச்சு நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. ஏறத்தாழ 320 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த திருச்சிக்கு 'வயலும் வாழ்வும்', 'ஒளியும் ஒலியும்' ஆகியவை செய்தித்தாள்களில் படித்தறியும் பெயர்களாகவே இருந்தன. 1975–76இல் ஊர்ப்புறங்களுக்குச் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்பிய சோதனைத் திட்டம் ஆறு மாநிலங்களில் 2,400 ஊர்களில் நடைபெற்றது. அவ்வாறில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. வேளாண் வானொலியில் நாட்டுக்கு எடுத்துக்காட்டாக இருந்த படுகை, வேளாண் தொலைக்காட்சியின் முதற்சோதனைக்கு வெளியே நின்றது.

இவ்விடைவெளியில் அயல்நாட்டு ஒளிபரப்பு நுழைந்தது. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் அதன் முதன்மை ஒளிபரப்பி நிறுவப்பட்டது. தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலும் கீழ்க்காவிரிப் பகுதியிலும் உயரமான ஆன்டெனாக்களை நட்டு மக்கள் அதனைக் கண்டனர். தமிழ் வானொலி நேயர்களுக்கு இது புதிய பழக்கமன்று. அதற்கு முந்தைய தலைமுறை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தது. திருச்சி நிலையத்தின் ஒலிபரப்பு யாழ்ப்பாணத்தில் கேட்கப்பட்டது. பாக்குநீரிணையின் இருகரைகளும் வானலையால் நெடுங்காலம் இணைந்திருந்தன. வேறுபாடு என்னவெனில், வானொலிக் காலத்தில் அப்பரிமாற்றம் இருவழிப்பட்டது. தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஒருவழிப்பட்டதாயிற்று.

1982 ஆகஸ்டு 15 அன்று வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. 1983இல் விண்ணில் செலுத்தப்பட்ட இன்சாட் 1பி செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, 1984இல் நாடெங்கும் குறைந்த ஆற்றல் ஒளிபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. நாளுக்கு ஒன்று என்னும் வேகத்தில் நடந்த இவ்விரிவாக்கமே இந்தியச் சிறுநகரங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றது. 100 வாட் ஆற்றல் கொண்ட இந்நிலையங்களில் படப்பிடிப்பு அரங்கு இல்லை. நிகழ்ச்சி அலுவலர் இல்லை. செயற்கைக்கோளிலிருந்து பெற்று அப்படியே அனுப்புவது ஒன்றே அவற்றின் பணி. மேலும், தொடக்கத்தில் பெரும்பாலான குறைந்த ஆற்றல் நிலையங்கள் தில்லியின் நிகழ்ச்சிகளையே மறுஒளிபரப்பின. மாநிலத் தலைநகரின் நிகழ்ச்சிகள் பிற ஊர்களை எட்டுவதற்கு நுண்ணலை இணைப்புகளும் கூடுதல் செயற்கைக்கோள் வசதிகளும் தேவைப்பட்டன.

இத்தொழில்நுட்ப ஏற்பாட்டின் பண்பாட்டு விளைவு தமிழகத்தில் கூர்மையாக உணரப்பட்டது. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தது திருச்சி தொடர்வண்டி நிலையத்தின் முன்னர்தான். இருபது ஆண்டுகள் கழித்து, தமிழகச் சிறுநகரங்களின் வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்தபோது அதன் மாலை நேர மொழி பெரும்பாலும் இந்தியாக இருந்தது. சட்டத்தாலும் பாடத்திட்டத்தாலும் வராதது ஒளிபரப்பியின் அமைப்பால் வந்தது எனலாம். 1987–88இல் இராமாயணமும், 1988–90இல் மகாபாரதமும் இந்தியிலேயே ஒளிபரப்பாகித் தமிழ்நாட்டிலும் பார்க்கப்பட்டன. கதை முன்னரே தெரிந்திருந்தமையால் மொழித்தடை அத்தொடர்களைப் பெரிதும் பாதிக்கவில்லை. செய்தி, வேளாண்மை, கல்வி ஆகியவற்றுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

கொடைக்கானல் மலையில் உயர் ஆற்றல் ஒளிபரப்பி அமைந்ததும் சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களுக்குப் பரவலாகக் கிடைக்கலாயின. மொழிக் குறை ஒருவாறு நீங்கியது. உற்பத்தியின் இருப்பிடம் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. பின்னாளில் சென்னைக்கு வெளியே தூர்தர்ஷனின் நிகழ்ச்சி உருவாக்க வசதிகள் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் அமைந்தன. வானொலியில் மூத்த இடம்பெற்ற திருச்சி, தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பு நகரமாகவே தொடர்ந்தது. தஞ்சைப் படுகையின் உழவர், தம் வயலைப் பற்றிய தொலைக்காட்சி அறிவுரையைச் சென்னையிலிருந்து பெற்றனர். 'ரேடியோ நெல்' போன்றதொரு பெயர் தொலைக்காட்சியின் பெயரால் எந்தப் பயிருக்கும் படுகையில் அமையவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

4. செயற்கைக்கோளும் கேபிளும்

1991இல் வளைகுடாப் போர்க் காட்சிகளும் ஸ்டார் அலைவரிசைகளும் இந்திய நகரங்களில் கேபிள் தொழிலைப் பரப்பின. தமிழில் அதற்கு முன்னரே 'பூமாலை' போன்ற ஒளிநாடா இதழ்கள் தூர்தர்ஷனுக்கு வெளியே செய்தியும் பொழுதுபோக்கும் வழங்க முயன்றிருந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1994இல் ராஜ் தொலைக்காட்சியும், பின்னர் விஜய், ஜெயா முதலியனவும் வந்தன. தூர்தர்ஷனும் தமிழுக்கெனத் தனிச் செயற்கைக்கோள் அலைவரிசையை ஏற்படுத்தியது. பின்னர் 'பொதிகை' என்று பெயர் பெற்ற அது, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' என மாற்றப்பட்டது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவற்றின்மீது அரசுக்கு முற்றுரிமை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. 1997இல் பிரசார் பாரதி செயல்படத் தொடங்கியது. அரசின் தனியுரிமை முடிவுற்றதைத் தமிழ்த் தொலைக்காட்சியின் விடுதலையாகக் காண்பது வழக்கம். தமிழ் மொழியைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. நாள் முழுதும் தமிழ், உலகத் தமிழருக்கெல்லாம் எட்டும் தமிழ் என்பன அதற்குமுன் இல்லாதவை. ஆயினும் தனியார் அலைவரிசைகளின் அரங்குகளும் திரைத்துறைத் தொடர்பும் விளம்பர நிறுவனங்களும் சென்னையிலேயே குவிந்தன. உற்பத்தி மையம் தில்லியிலிருந்து சென்னைக்கு நகர்ந்தது. திருச்சிக்கு அது வரவில்லை.

இந்நிலையில் எதிர்பாராத ஒரு வெளி கேபிள் வழியே திறந்தது. 1990களில் தெருத்தோறும் கம்பி இழுத்த கேபிள் நடத்துநர்கள், தங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உள்ளூர் அலைவரிசைகளையும் நடத்தினர். அவற்றில் திரைப்படங்களுக்கும் உள்ளூர்க் கடை விளம்பரங்களுக்கும் இடையே கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா, பட்டிமன்றம் ஆகியன இடம்பெற்றன. தொழில்நுட்ப நேர்த்தியில் குறைவுடையதாயினும், வானொலிக்குப் பின்னர் இவ்வட்டாரம் தன்னைத் தானே ஒளிபரப்பிக்கொண்ட முதல் வாய்ப்பு இதுவேயாகும். திருவரங்கத்தின் சித்திரைத் தேரையும் உறையூர்ச் சேர்த்தியையும் அடுத்த தெருவிலிருப்பவர் வீட்டிலிருந்தே காண முடிந்தது.

இவ்வெளி நீடித்த உறுதி பெறவில்லை. கேபிள் தொழில் 1990களின் இறுதியிலிருந்தே பெருநிறுவனங்களின் கையில் குவியத் தொடங்கியது. அதற்கு மாற்றாக 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், முதற்கட்டக் கட்டுப்பாட்டு மையங்களைத் தஞ்சாவூர், திருநெல்வேலி, வேலூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் அமைத்தது. 2011இல் மாதக் கட்டணம் 70 ரூபாய் என்னும் அளவில் அது மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. 2006 முதல் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டிருந்தன. பெட்டி, இணைப்பு ஆகிய இரண்டையும் அரசே எளிதாக்கிய மாநிலம் இந்தியாவில் வேறில்லை எனலாம். இவ்விரு திட்டங்களும் பார்ப்பவரின் உரிமையை விரிவுபடுத்தின. வட்டாரத்தில் நிகழ்ச்சி உருவாக்குதல் பற்றிய கொள்கை எதுவும் அவற்றுடன் இணைக்கப்படவில்லை. எண்ணியல் முறைக்கு மாறியபோது முதலீட்டுத் தேவை உயர்ந்து, சிறு நடத்துநர்களின் உள்ளூர் அலைவரிசைகள் மேலும் நலிந்தன.

5. பரமபதவாசல்: ஒரு விழாவின் ஒலியும் ஒளியும்

மேற்கூறிய மாற்றங்கள் ஒருங்கே புலப்படும் இடம் திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசி விழாவாகும். பகல்பத்து, இராப்பத்து என நடைபெறும் இவ்விழாவின் உயிர்நாடி நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். அரையர்கள் தாளமிசைத்தும் அபிநயித்தும் பாசுரங்களை விண்ணப்பிப்பர். பகல்பத்தின் நிறைவில் மோகினி அலங்காரம். மறுநாள் விடியலுக்கு முன்னர் நம்பெருமாள் இரத்தினாங்கி அணிந்து மூலத்தானத்திலிருந்து புறப்பட்டு, விரஜா நதி மண்டபத்தில் வேத விண்ணப்பம் கேட்டு, வடபுறத்துப் பரமபதவாசலைக் கடந்து ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்தை அடைவார். இராப்பத்தின் முடிவில் நம்மாழ்வார் மோட்சம் நிகழும்.

திருச்சி வானொலி இந்நிகழ்வை நேர்முக வருணனையாக வழங்கிவந்துள்ளது. வானொலி வருணனையாளரின் பணி கடினமானது. கேட்பவர் எதையும் காண்பதில்லை. ஆகவே நம்பெருமாள் அணிந்துள்ள பாண்டியன் கொண்டை, கிளிமாலை முதலிய ஒவ்வோர் அணியையும் பெயர்சொல்லிக் கூற வேண்டும். எந்த மண்டபத்தைக் கடக்கிறார், அங்கு ஓதப்படுவது எது, அடுத்து நிகழ்வது என்ன என்பவற்றை விளக்க வேண்டும். நடை திறக்கும்வரை ஏற்படும் காத்திருப்பையும் சொற்களால் நிரப்ப வேண்டும். இதற்குக் கோயில் மரபும் பிரபந்தப் பயிற்சியும் உடைய உள்ளூர் அறிஞர் இன்றியமையாதவர் ஆனார். விழாவின் கலைச்சொற்கள் திருச்சுற்றுகளுக்கு வெளியே, கோயிலுக்கு வர இயலாதோரிடமும் சமய வேறுபாடின்றிப் பரவுவதற்கு இவ்வருணனை வழியாயிற்று. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையின் நேரடி ஒலிபரப்பும் படுகையில் இத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது.

தொலைக்காட்சி இவ்விழாவை ஏற்றபோது மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, காலச்சுருக்கம். மூன்று வார விழாவும் ஏறக்குறைய ஒரு விடியற்காலையின் சில மணித்துளிகளாகச் சுருங்கியது. கதவு திறக்கும் கணம் காட்சிக்கு உகந்தது. பல மணிநேரம் நீளும் அரையர் சேவை அலைவரிசையின் நேரப்பகுப்பிற்கு ஏற்றதன்று. விழாவின் பொருளைத் தாங்குவது பின்னது, படமாவது முன்னது.

இரண்டாவது, சொல் மாற்றம். கோயில் வழக்கில் அது பரமபதவாசல். தொலைக்காட்சித் தலைப்புகளில் பெரும்பாலும் அது 'சொர்க்கவாசல்'. வைணவ மரபில் இவ்விரண்டும் ஒன்றல்ல. சுவர்க்கம் என்பது நல்வினை தீர்ந்தபின் மீண்டுவர வேண்டிய இடம், பரமபதம் மீளாநிலை. நம்மாழ்வார் மோட்சத்தில் முடியும் விழாவிற்குச் சொர்க்கம் என்னும் சொல் பொருந்தாது. பொதுமக்கள் வழக்கில் அச்சொல் முன்னரே இருந்ததாயினும், மாநிலம் முழுவதற்கும் ஒரே தலைப்பு என்னும் ஒளிபரப்புத் தேவை அதனை நிலைநிறுத்தியது. வேறுபாட்டை விளக்கும் உள்ளூர் வருணனையாளரின் இடம் சுருங்கியதற்கும் இச்சொல்லின் பரவலுக்கும் தொடர்புண்டு.

மூன்றாவது, பார்வைக் கோணம். வானொலி கேட்பவரைத் திருவீதியில் நிற்பவராக்கியது. மக்கள் திரளின் ஓசையும் நாதசுவரமும் 'ரங்கா, ரங்கா' என்னும் முழக்கமும் அவரைச் சூழ்ந்தன. ஒளிப்படக் கருவி, திரளுக்கு மேலே உயர்ந்த இடத்திலிருந்து நோக்குகிறது. வாசலுக்கு அருகில் நிற்கும் அடியவரினும் தொலைவிலுள்ள பார்வையாளர் தெளிவாகக் காண்கிறார். இது இழப்பு மட்டுமன்று. முதியோர், நோயுற்றோர், அயல்நாட்டில் வாழ்வோர், நெரிசலுக்கு அஞ்சும் பெண்கள் முதலியோர்க்குத் தொலைக்காட்சி அளித்த காட்சி, கோயில் நுழைவின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க விரிவாகும். கொரோனாக் காலக் கட்டுப்பாடுகளின்போது இவ்வழியின் பயன் எல்லார்க்கும் விளங்கியது. அவ்வகையில், படம் தந்ததையும் சொல் இழந்ததையும் ஒருங்கே கணக்கிடுவதே வரலாற்றுக்கு ஏற்ற முறை.

6. செய்தியாகும் வட்டாரம்

ஒளிபரப்பின் உற்பத்தி மையமாக இல்லாத ஊர், செய்தி நேரும்போது மட்டும் திரையில் தோன்றுகிறது. 24 மணிநேரத் தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் பெருகியபின் இது வழக்கமாயிற்று. 2019 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. மீட்புப்பணி ஏறத்தாழ 80 மணிநேரம் நீண்டது. அக்டோபர் 29 அன்று குழந்தையின் உடல் மீட்கப்பட்டது. தீபாவளி நாளும் அதற்குள் அடங்கியது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் இரவு பகலாக அதனை நேரலையில் வழங்கின.

இவ்வட்டாரத்தின் ஒரு சிற்றூர் இதுபோல் தொடர்ந்து ஒளிபரப்பானதற்கு வேறு சான்று காண்பது அரிது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும் என்னும் விழிப்புணர்வு அதனால் பரவியது மறுக்கவியலாதது. அதே வேளையில், அவ்வூரின் நீர்ப்பற்றாக்குறை, வறண்ட கிணறுகள் மீண்டும் மீண்டும் தோண்டப்படுவதன் காரணம், நிலத்தடி நீர் வீழ்ச்சி ஆகியன, நேரலை வண்டிகள் சென்றபின் தொடர்ந்து பேசப்படவில்லை. 1960களில் நீர், நிலம், பயிர் ஆகியவற்றை நாள்தோறும் பேசிய ஒலிபரப்பும், 2019இல் நான்கு நாள் இடைவிடாது காட்டிய ஒளிபரப்பும் ஒரே மாவட்டத்தைப் பற்றியவை. இரண்டிற்கும் உள்ள தொலைவு, நிலையம் எங்கிருந்தது என்பதனாலும் விளைந்தது.

7. பதிவுகளின் நிலை

இவ்வரலாற்றை விரிவாக எழுத முற்படுவோர்க்கு முதன்மைச் சான்றுகளே பெருஞ்சிக்கலாகும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஒளிபரப்புக்கு இதற்கு இணையான சட்டம் இல்லை. செயற்கைக்கோள் அலைவரிசைகள் தம் நிகழ்ச்சிப் பதிவுகளை 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதே விதி. அதுவும் முறையீடு எழுந்தால் சரிபார்ப்பதற்கானது, வரலாற்றுக்கானது அன்று. வானொலியும் தூர்தர்ஷனும் காப்பகங்களைப் பேணுகின்றன. எனினும் அவற்றில் எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது நிறுவனத்தின் கருத்தைப் பொறுத்தது. 1990களின் உள்ளூர்க் கேபிள் அலைவரிசைகளின் பதிவுகள் காந்தநாடாக்களில் இருந்தவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த தமிழகச் சூழலில் அந்நாடாக்கள் நீண்டநாள் நிலைக்கக்கூடியவை அல்ல.

திருவரங்கம் கோயில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைக் கொண்டது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் அவற்றுக்கே உரியது. கோயிலொழுகு, நிர்வாகமும் விழாவும் நடந்த முறைகளைத் தலைமுறைகளுக்குக் கையளித்தது. சோழர், பாண்டியர், விசயநகரர் காலத்தில் இவ்விழாவிற்கு யார் என்ன வழங்கினர் என்பதை இன்றும் அறியலாம். 1995ஆம் ஆண்டின் வைகுண்ட ஏகாதசியை வானொலியில் வருணித்தவர் என்ன கூறினார், உள்ளூர் அலைவரிசை எதைக் காட்டியது என்பவற்றை அறிவது அதைவிடக் கடினமாக உள்ளது. அண்மை இறந்தகாலமே முதலில் மறையும் நிலை இது.

8. முடிவுரை

திருச்சிராப்பள்ளி வழி நோக்கும்போது தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு பின்வரும் கருத்துகளைத் தருகிறது.

ஒன்று, 1939 முதல் திருச்சி வானொலி பெற்றிருந்த வட்டாரத் தன்மைக்குக் காரணம் நிறுவனத்தின் உரிமையாளர் எவர் என்பதன்று. நிலையத்தின் இருப்பிடமும், அதனால் அமைந்த அறிஞர், கலைஞர், உழவர் தொடர்புமே ஆகும்.

இரண்டு, 1984க்குப் பிந்தைய விரிவாக்கம் மறுஒளிபரப்பை அடிப்படையாகக் கொண்டமையால், சென்றடையும் பரப்பு பெருகியபோதும் உருவாக்கும் இடங்கள் பெருகவில்லை. தனியார்மயம் மொழிச் சிக்கலைத் தீர்த்தது. இருப்பிடச் சிக்கலைத் தீர்க்கவில்லை.

மூன்று, வைகுண்ட ஏகாதசி ஒளிபரப்பு காட்டுவதுபோல, உற்பத்தியின் இருப்பிடம் மாறும்போது விழாவின் கால அளவும் கலைச்சொல்லும் விளக்க மரபும் மாறுகின்றன.

நான்கு, உள்ளூர் அலைவரிசைகளின் எஞ்சிய நாடாக்களையும் வானொலி வருணனைகளையும் தேடித் தொகுத்து எண்ணியல் வடிவில் பேணுவது உடனடித் தேவை. மாவட்ட மைய நூலகங்களும் இவ்வட்டாரப் பல்கலைக்கழக, கல்லூரித் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இதனை ஏற்கலாம். வருணனையாளர், கேபிள் நடத்துநர், ஒளிப்பதிவாளர் ஆகியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவதும் இதனுடன் சேர்ந்த பணியாகும்.

2023இல் அகில இந்திய வானொலி, 'ஆகாசவாணி' என்றே இனி அழைக்கப்பட வேண்டும் என்னும் ஆணை வந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பெழுந்தது. ஒரு பெயருக்காக எழுந்த அக்குரல், ஒலிபரப்பைத் தம்முடையதாக மக்கள் இன்னும் கருதுகின்றனர் என்பதைக் காட்டுகிறது. திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்சில் ஒலித்த ஆண்டுகளில் வளர்ந்த உரிமையுணர்வும் அதனுள் அடங்கும். எத்தனை அலைவரிசைகள் என்னும் கேள்வியோடு எங்கிருந்து என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் ஆய்வுகள் பிற மாவட்டங்களைக் களமாகக் கொண்டும் எழுமாயின், தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு சென்னையின் வரலாறாக மட்டும் நின்றுவிடாது.